மனு எழுதத் தெரியுமா பாஸ்?

ஃபீஸ் கட்டியாச்சா? டைம்டேபிள் வந்தாச்சா? சரி சரி, முறைக்காதீங்க. இந்த வாரம் தேர்வைப் பற்றித்தான் பேசப் போகிறோம். எப்படிப் படிப்பது என்று இல்லை. படித்ததை எழுதி முடிக்க முடியாமல் தவிக்கிறவர்களைப் பற்றி.

நீங்கள் வலங்கைமான்காரர் என்று வைத்துக்கொள்வோம். தினமும் காலையில் பஸ் பிடித்துக் கும்பகோணம் போய்ப் படிக்கிற செகண்ட் இயர் மாணவர். சின்ன வயதிலிருந்தே பார்வை மங்கல். கண்ணாடி போட்டாலும் மூன்றாவது பெஞ்சிலிருந்து போர்டு தெரியாது. வினாத்தாளை மூக்குக்கு நேரே தூக்கிப் பிடித்து எழுத்து எழுத்தாகப் படிக்க வேண்டும். பக்கத்தில் இருப்பவன் முதல் பத்து மார்க் கேள்வியை முடிக்கும்போது, நீங்கள் இன்னும் கேள்வியைத்தான் படித்துக்கொண்டிருப்பீர்கள். மணி அடிக்கிறது. இரண்டு பெரிய கேள்விகள் பாக்கி. விடை தெரியும், எழுதத்தான் நேரம் இல்லை. ரிசல்ட் வந்தால் அரியர்.

இதே நீங்கள் பிளஸ் டூவில் நல்ல மார்க் எடுத்தவர்! அப்போது கூடுதலாக ஒரு மணி நேரம் கிடைத்தது. சொல்லச் சொல்ல எழுத ஓர் ஆளும் கிடைத்தார். காலேஜில் மட்டும் ஏன் கிடைக்கவில்லை?

ஏன்னா, நீங்க கேக்கல.

கோபம் வருதா? வரட்டும். ஆனால் யோசித்துப் பாருங்கள். பள்ளியில் யார் கேட்டார்கள்? நீங்களா? கிளாஸ் டீச்சர் ஒருநாள் கூப்பிட்டு, "மெடிக்கல் சர்டிபிகேட் ஜெராக்ஸ் எடுத்துட்டு வா, அப்பாவை ஒரு கையெழுத்துப் போடச் சொல்லு" என்றார். எச்.எம். ஒரு லெட்டர் எழுதினார். அது மேலே மேலே போய் அரசுத் தேர்வுகள் இயக்ககத்திலிருந்து உத்தரவாகத் திரும்பி வந்தது. கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப்பாடத்துக்கு விலக்கு என்று யாருக்கு எது பொருந்துமோ அது. நீங்கள் பரீட்சை எழுதியதோடு சரி.

காலேஜில் எச்.எம். கிடையாது. அட்மிஷன் ஃபாரத்தில் 'மாற்றுத்திறனாளி' என்ற கட்டத்தில் டிக் அடித்திருப்பீர்கள். அந்த ஃபாரம் அட்மிஷன் ஃபைலுக்குள் போய்ப் படுத்துவிட்டது. தேர்வுப் பிரிவு வேறு அறை, வேறு மேஜை, வேறு ஆள். உங்கள் துறைத் தலைவருக்கு மூன்று வருட மாணவர்கள் சேர்த்து நூற்றுக்கணக்கில் முகங்கள். அதில் உங்கள் கண் மங்கல் என்பதை அவர் கனவில் கண்டா தெரிந்துகொள்வார்?

இந்தச் சிக்கல் நம்ம ஊருக்கு மட்டும் சொந்தமில்லை. அமெரிக்காவிலும் பள்ளி வரைக்கும் மாணவனின் தேவையைக் கண்டுபிடித்துத் திட்டம் போட வேண்டியது பள்ளியின் வேலை. கல்லூரிக்குப் போனதும் கதை மாறிவிடும். "எனக்கு இந்தக் குறைபாடு இருக்கிறது, எனக்கு இது தேவை" என்று மாணவன்தான் முன்வந்து சொல்ல வேண்டும். அங்கே 1973-லும் 1990-லும் வந்த சட்டங்கள் கல்லூரிகளின் கையைக் கட்டிப் போட்டிருக்கின்றன. ஆனாலும் முதல் வார்த்தை மாணவனின் வாயிலிருந்துதான் வர வேண்டும்.

எட் ராபர்ட்ஸ் என்று ஒருவர். 14 வயதில் போலியோ வந்து கழுத்துக்குக் கீழே செயலற்றுப் போனவர். ராத்திரியில் மூச்சு விடவே 'இரும்பு நுரையீரல்' என்ற பெரிய இயந்திரம் வேண்டும். உடற்பயிற்சி வகுப்பும் கார் ஓட்டும் பயிற்சியும் முடிக்கவில்லை என்று சொல்லி இவருக்குப் பள்ளிச் சான்றிதழ் தர மறுத்தார்களாம்! (சிரிக்காதீங்க, நம்ம ஆபீஸ்களிலும் இந்த ரகம் உண்டு.) அப்போது சண்டை போட்டு வாங்கியவர் அம்மா. 1962-ல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்குப் போன பிறகு எட் தாமே பேச ஆரம்பித்தார். ஹாஸ்டல் அறைக்குள் அந்த இயந்திரம் நுழையாது என்றதும் வளாகத்து மருத்துவமனையிலேயே ஓர் இடம் வாங்கித் தங்கிப் படித்தார். பின்னால் வந்த வீல்சேர் மாணவர்கள் அவரோடு சேர்ந்துகொண்டார்கள். 1970-ல் மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கென்றே அங்கே ஒரு தனித் திட்டம் வந்தது. அம்மா கேட்டது பள்ளியில். பிள்ளை கேட்டது காலேஜில். நமக்கு வேண்டிய பாயின்ட் இதுதான்.

'அதெல்லாம் அமெரிக்கா, இங்கே என்ன சட்டம் இருக்கு?' என்கிறீர்களா?

இருக்கு பாஸ். நல்லாவே இருக்கு. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016. இதற்கு முன்பிருந்த 1995 சட்டத்தில் 7 வகைக் குறைபாடுகள்தான். இதில் 21. டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாடும் உள்ளே வந்துவிட்டது. அரசு உயர்கல்வி நிறுவனங்களிலும் அரசு உதவி பெறும் நிறுவனங்களிலும் 5 சதவீத இட ஒதுக்கீடு இந்தச் சட்டத்தில்தான் வருகிறது. 17-வது பிரிவு தேர்வு முறையையே தேவைக்கேற்ப மாற்றச் சொல்கிறது. கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், இரண்டாம் மூன்றாம் மொழிப்பாட விலக்கு என்று உதாரணத்தோடு சொல்கிறது. 16-வது பிரிவு, அரசு நிதி கொடுக்கிற அல்லது அங்கீகரிக்கிற எல்லாக் கல்வி நிலையங்களும் ஒவ்வொருவரின் தேவைக்கேற்ற நியாயமான வசதியைத் தர ஏற்பாடு செய்யச் சொல்கிறது. அந்த நியாயமான வசதியை மறுத்தால், அதுவே பாகுபாடு. இதுவும் அதே சட்டத்தில் இருக்கிற விளக்கம்தான்.

அப்புறம் என்ன, சட்டம் பார்த்துக்கும் என்று காலை நீட்டிப் படுத்துவிடலாமா?

ஒரு நிஜ வழக்கு சொல்கிறேன். 2021 செப்டம்பர் 12. நீட் தேர்வு. அவ்னி பிரகாஷ் என்ற மாணவி. கையால் எழுதுவதைச் சிரமமாக்கும் டிஸ்கிராஃபியா அவருக்கு இருந்தது. 40 சதவீதக் குறைபாடு என்ற சான்றிதழும் இருந்தது. விதிப்படி 1 மணி நேரம் கூடுதல் கிடைக்க வேண்டும். தேர்வு மையத்தில் இருந்தவர்களுக்கு அந்த விதி தெரியவில்லை. எல்லோரிடமும் வாங்கும்போதே அவரிடமும் விடைத்தாளை வாங்கிவிட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. நவம்பர் 23-ல் தீர்ப்பு. அந்த மாணவிக்கு நடந்தது அநீதி என்று நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. அதைச் சரிசெய்ய என்ன வழி என்று ஒரு வாரத்துக்குள் யோசித்து முடிவெடுக்கச் சொல்லித் தேர்வு நடத்திய முகமைக்கு உத்தரவும் போட்டது. ஆனால் மறுதேர்வு? அது மட்டும் கிடைக்கவில்லை.

கவனிச்சீங்களா? சட்டம் அவர் பக்கம். சான்றிதழ் அவர் கையில். நாட்டின் மிகப் பெரிய நீதிமன்றமே அவர் பக்கம். இருந்தும் போன அந்த ஒரு மணி நேரம் போனதுதான். தப்பு அந்த மாணவியுடையது இல்லவே இல்லை, மையத்தில் இருந்தவர்களுடையது. ஆனால் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. தேர்வு முடிந்த பிறகு கிடைக்கிற நீதியைவிட, தேர்வுக்கு முன்னால் கையில் இருக்கிற உத்தரவுதான் பரீட்சை ஹாலில் வேலை செய்யும். அதை முன்கூட்டியே வாங்கி, ஹால் டிக்கெட்டோடு ஒரு நகல் வைத்துக்கொண்டு போக வேண்டியது நம்ம பொறுப்பு.

'எனக்கு 40 சதவீதம் இல்லையே, நான் எப்படிக் கேட்பது?' என்று ஒரு கூட்டம் பின்வாங்கும். உங்களுக்கும் பதில் வந்துவிட்டது. விகாஷ் குமார் என்பவருக்கு எழுத உட்கார்ந்தால் கை இழுத்துக்கொள்ளும். 'ரைட்டர்ஸ் கிராம்ப்' என்பார்கள். சிவில் சர்வீஸ் தேர்வுக்குச் சொல்வதை எழுதுபவர் வேண்டும் என்று கேட்டார். பார்வைக் குறைபாடு, கை கால் குறைபாடு, மூளை முடக்குவாதம் உள்ளவர்களுக்குத்தான், அதுவும் 40 சதவீதத்துக்கு மேல் இருந்தால்தான் என்று யு.பி.எஸ்.சி. மறுத்தது. தீர்ப்பாயத்தில் தோல்வி. டெல்லி உயர் நீதிமன்றத்தில் தோல்வி. 2021 பிப்ரவரி 11-ல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. 40 சதவீதம் என்பது இட ஒதுக்கீடு போன்றவற்றுக்கான அளவுகோல், பரீட்சை எழுத உதவி கேட்பதற்கு அது வாசற்படி இல்லை என்பதுதான் சாரம். அதன் தொடர்ச்சியாக, 40 சதவீதத்துக்குக் குறைவாக இருந்து எழுதுவதில் சிரமப்படுகிறவர்களுக்கென்று 2022 ஆகஸ்டில் மத்திய அரசு வழிகாட்டுதல் வெளியிட்டது. 2025 பிப்ரவரியில் குல்ஷன் குமார் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இதையே அழுத்திச் சொன்னது.

விகாஷ் குமாரும் கேட்டவர்தான். கேட்டு, மறுக்கப்பட்டு, மறுபடியும் கேட்டவர்.

இப்ப நம்ம ஊருக்கு வருவோம். கேட்க நமக்கு என்ன தடை? சட்டம் தெரியாதது பாதி. மீதிப் பாதி வெட்கம். "காலேஜ்ல யார்கிட்டயும் சொல்லாதடா, கிண்டல் பண்ணுவாங்க" என்கிற அப்பா. "இதையெல்லாம் கார்டுல பதிஞ்சுட்டா நாளைக்கு எவன் பொண்ணு கேட்டு வருவான்?" என்கிற பாட்டி. அதிலும் பெண்பிள்ளையாக இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். காதுக்கு மெஷின் வைப்பதைக் கூட முடியால் மூடிக்கொண்டு வரச் சொல்கிற வீடுகள் இருக்கின்றன.

வலங்கைமானில் பங்குனி மாதம் பாடைக்காவடி பார்த்திருப்பீர்கள். நோயிலிருந்து பிழைத்து வந்தவர்கள் வேண்டிக்கொண்டு, பிணம் போலப் பாடையில் படுத்து, ஊரே பார்க்க மாரியம்மன் கோயிலுக்குப் போகிறார்கள். எனக்கு இந்த உடம்பில் இப்படி ஒரு கஷ்டம் வந்தது என்று பட்டப்பகலில் ஆயிரக்கணக்கானோர் முன்னால் சொல்லத் தெரிந்த ஊர் அது. அந்த ஊர்க்காரருக்கு ஆபீஸ் ஜன்னலில் ஒரு பேப்பரை நீட்ட என்ன கூச்சம்? இன்னொன்றும் சொல்லணும். 'வெள்ளி நாக்கு' என்று பெயரெடுத்த வி.எஸ்.சீனிவாச சாஸ்திரியார் பிறந்த ஊரும் வலங்கைமான்தான். அவர் பெயரில் முன்னால் நிற்கிற 'வி' உங்கள் ஊர்தான் சாமி! பேசத் தெரியாத ஊர் என்று மட்டும் சொல்லாதீங்க.

சரி, மனு. லெட்டர் எழுதுவது நம்மில் பலருக்குப் பத்தாம் வகுப்போடு மறந்து போச்சு. 'எனக்கு உதவி செய்யுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்' என்று எழுதிக் கொடுத்தால் வாங்கியவருக்கு ஒன்றும் புரியாது. என்ன உதவி? பணமா? பஸ் பாஸா? மொட்டையாக எழுதாதீங்க. எனக்கு இது இருக்கிறது, அதனால் தேர்வில் இது நடக்கிறது, ஆகவே எனக்கு இது வேண்டும். இந்த மூன்றும் ஒரே பக்கத்தில் வந்துவிட வேண்டும். 'பார்வை மங்கல், சாதாரண எழுத்தில் அச்சடித்த வினாத்தாளைப் படிக்க அதிக நேரம் ஆகிறது, பெரிய எழுத்தில் வினாத்தாளும் மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரமும் வேண்டும்' என்று எழுதினால் தேர்வுப் பிரிவில் இருப்பவருக்கு வேலை சுலபம். அந்த 20 நிமிடம் நான் சொல்லும் கணக்கு இல்லை. மத்திய அரசின் 2018 ஆகஸ்ட் வழிகாட்டுதலில் மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையக்கூடாது என்று இருக்கிறது. அப்படியென்றால் 3 மணி நேரத் தேர்வுக்கு 1 மணி நேரம்.

உங்களுக்கு எது தேவை என்பது உங்களுக்குத்தான் தெரியும். காது கேளாத ஒருவருக்குக் கூடுதல் நேரத்தைவிட வேறொன்று முக்கியமாக இருக்கலாம். தேர்வு நடுவில் ஒருவர் வந்து, "14-வது கேள்வியில ஒரு கரெக்‌ஷன்" என்று வாயால் சொல்லிவிட்டுப் போவாரே... அது அவருக்குக் கேட்காது. அதை போர்டில் எழுதிப் போடச் சொல்லிக் கேட்க வேண்டும். காலிபர் போட்டு நடப்பவருக்கு மாடி ஹால் வேண்டாம், கீழ்த்தளம் வேண்டும். சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடுகிற பிள்ளை, பிஸ்கட்டும் தண்ணீரும் உள்ளே கொண்டுபோக அனுமதி கேட்கலாம். இதையெல்லாம் எந்த அரசாணையும் உங்கள் பெயர் போட்டு எழுதி வைக்காது.

மனுவை யாரிடம் கொடுப்பது? துறைத் தலைவர் வழியாக முதல்வருக்கு. நகல் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்கு. கும்பகோணம் அரசு கலைக் கல்லூரி போலத் தன்னாட்சிக் கல்லூரியாக இருந்தால் அந்த அலுவலர் உள்ளேயே இருப்பார். தன்னாட்சி இல்லை என்றால் திருச்சியில் பாரதிதாசன் பல்கலைக்கழகம் வரை பேப்பர் போக வேண்டியிருக்கும். எனவே நாள் பிடிக்கும். ஹால் டிக்கெட் வாங்குகிற அன்றைக்குப் போய் நிற்காதீங்க. செமஸ்டர் தொடங்கிய முதல் மாதமே கொடுத்துவிடுவது உத்தமம். கொடுக்கும்போது இரண்டு பிரதி. ஒன்றில் தேதியும் சீலும் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். "நம்பிக்கை இல்லையா தம்பி?" என்று கேட்பார்கள். "இருக்குங்க ஐயா, ஃபைல்ல வைக்கணும்" என்று சிரித்துக்கொண்டே சொல்லுங்கள். வாயால் கேட்டது காற்றோடு போகும். சீல் வைத்த பேப்பர் அடுத்த செமஸ்டருக்கும் பேசும். அப்புறம், ஒரு தடவை கொடுத்தால் மூன்று வருடத்துக்கும் செல்லும் என்று நீங்களாக நினைத்துக்கொள்ளாதீர்கள். கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அரியர் பேப்பருக்குத் தனியாகக் கேட்கணுமா என்பதையும் சேர்த்து.

மனுவோடு என்ன இணைப்பது? யு.டி.ஐ.டி. என்கிற தனித்துவ அடையாள அட்டை. இங்கேதான் வலங்கைமான்காரர்களுக்கு ஒரு வேடிக்கை. நீங்கள் படிப்பது கும்பகோணம், அது தஞ்சாவூர் மாவட்டம். நீங்கள் இருப்பது திருவாரூர் மாவட்டம். 1997-ல் திருவாரூர் மாவட்டம் உருவானபோது தஞ்சாவூரிலிருந்து பிரித்துச் சேர்த்த ஒரே ஒன்றியம் வலங்கைமான். மற்றதெல்லாம் நாகப்பட்டினத்திலிருந்து வந்தவை. எனவே கும்பகோணம் எவ்வளவு கிட்டத்தில் இருந்தாலும், சான்றிதழ் சமாச்சாரத்துக்கு நீங்கள் குடவாசல் வழியாகத் திருவாரூருக்கு பஸ் ஏற வேண்டியதுதான். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் அங்கே. ஒரு நாள் வகுப்பு போகும். போனால் போகட்டும், அட்டை கிடைத்துவிட்டால் இந்தியா முழுவதும் செல்லும். 40 சதவீதத்துக்குக் குறைவாக இருந்தாலும் அட்டை உண்டு. நிறம்தான் வேறு, வெள்ளை. சான்றிதழ் நிரந்தரமா, குறிப்பிட்ட காலத்துக்கா என்று பாருங்கள். காலாவதித் தேதி இருந்தால் இப்போதே மொபைலில் அலாரம் வையுங்கள். எழுதுவதில் சிரமம் இருக்கிறது என்று அரசு மருத்துவரிடம் தனியாக ஒரு சான்று தேவைப்படுகிறவர்களும் உண்டு. பார்வை இல்லாதவர்கள், இரண்டு கைகளும் பாதிக்கப்பட்டவர்கள், மூளை முடக்குவாதம் உள்ளவர்கள் தவிர மற்றவர்களிடம் 2018 வழிகாட்டுதல் அதைக் கேட்டது.

அடுத்தது ஸ்க்ரைப். அதாவது சொல்வதை எழுதுபவர். இதில்தான் மார்க் போகிறது, நட்பும் போகிறது.

'நல்லா படிக்கிற பையனைப் பிடிச்சிட்டா பாஸாயிடலாம்' என்று நினைத்தால் முதல் கோணல் அங்கேயே. எழுதுபவர் உங்கள் கை. மூளை இல்லை. நீங்கள் சொல்லாத ஒரு வார்த்தையை அவர் சேர்த்து எழுதினால் இரண்டு பேருக்கும் ஆபத்து. உங்களைவிடக் கீழ் வகுப்பில் படிப்பவராக இருக்க வேண்டும் என்று விதி வைப்பதும் இதனால்தான். உங்கள் கல்லூரியின் விதி என்ன என்று முதலில் எழுத்தில் வாங்குங்கள். ஆளைப் பிடித்து, கூட்டிக்கொண்டு போய், "இவர் தகுதி கூடுதல், செல்லாது" என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினால் யார் மேல் கோபப்படுவது?

ஆள் கிடைத்ததும் பரீட்சை ஹாலில்தான் முதல்முறை சேர்ந்து உட்கார்வது என்று இருக்காதீர்கள். சொல்லி எழுத வைப்பது தனிக் கலை. தேர்வுக்கு முன் நாலைந்து நாளாவது பழைய வினாத்தாளை வைத்து ரெண்டு பேரும் பழகுங்கள். பி.காம். என்றால் டெபிட் பக்கம் எது, கிரெடிட் பக்கம் எது, கோடு எங்கே போடணும், எந்தத் தொகையை எந்த வரிசையில் எழுதணும் என்று நீங்கள் வாயாலேயே லெட்ஜர் போட வேண்டும். தமிழ் என்றால் இது 'ல'வா 'ள'வா 'ழ'வா என்று சொல்ல வேண்டும். இங்கிலீஷ் என்றால் கஷ்டமான ஸ்பெல்லிங்கை எழுத்துக் கூட்டிச் சொல்ல வேண்டும். ஒரு விடை முடிந்ததும் ஒருமுறை படித்துக் காட்டச் சொல்லுங்கள். சொல்லாமல் விட்டுவிட்டு, ரிசல்ட் வந்ததும் "அவ தப்பா எழுதிட்டா" என்று சொல்வது நியாயமே இல்லை. நீங்கள் சத்தமாகச் சொல்வது மற்றவர்களுக்குத் தொந்தரவு என்பதால் தனி அறையும் வேண்டும். அதையும் மனுவிலேயே கேட்டுவிடுங்கள்.

அப்புறம் அந்த எழுதுகிறவரின் பக்கமும் கொஞ்சம் யோசிக்கணும். பிற்பகல் தேர்வு 5 மணிக்கு முடிந்தால் உங்களுக்குக் கூடுதல் நேரத்தோடு 6 மணி. நவம்பர் மாதம் அதற்குள் இருட்டிவிடும். எழுத வந்தது ஜூனியர் பெண் என்றால் அவள் வீட்டில் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். முன்னாடியே அவள் அம்மாவிடம் ஒரு வார்த்தை பேசி, எந்த பஸ்ஸில் வருவாள் என்று சொல்லிவிடுங்கள். பஸ் காசும் மத்தியானச் சாப்பாடும் உங்கள் கணக்கு. இதில் பெரிய செலவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் போவதுதான் அசிங்கம்.

டெல்டாக்காரர்களுக்கு இன்னொரு தலைவலி, மழை. நவம்பர் செமஸ்டரும் வடகிழக்குப் பருவமழையும் சொல்லி வைத்ததுபோல ஒன்றாகத்தான் வரும். கலெக்டர் லீவு விட்டால் தேர்வு தள்ளிப்போகும். தள்ளிப்போன தேதியில் உங்கள் ஸ்க்ரைபுக்கே பரீட்சை இருக்கலாம்! போதாக்குறைக்குத் திருவாரூர் மாவட்டத்துக்கு லீவு, தஞ்சாவூர் மாவட்டத்துக்கு லீவு இல்லை என்று ஆகும் நாளும் உண்டு. அன்றைக்கு வலங்கைமானில் ஸ்கூல் பிள்ளைகள் தெருவில் கப்பல் விட்டுக்கொண்டிருப்பார்கள், நீங்கள் கும்பகோணத்தில் பரீட்சை எழுத வேண்டும். எனவே ஒரு ஆள் போதாது, மாற்று ஆள் ஒருவரின் பெயரையும் முன்கூட்டியே கொடுத்து வையுங்கள். அவசரத்துக்கு ஆளை மாற்ற இடம் கொடுக்க வேண்டும் என்று அந்த 2018 வழிகாட்டுதலிலேயே இருக்கிறது.

எழுதுபவரை நம்பாமல் தாமே எழுத முடிகிறவர்கள் கம்ப்யூட்டர் கேட்டுப் பார்க்கலாம். சென்னையைச் சேர்ந்த பெனோ ஜெஃபின், முழுவதும் பார்வை இல்லாதவர், 2015-ல் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்தார். திரையில் இருப்பதைப் படித்துக்காட்டும் 'ஜாஸ்' மென்பொருள் அவருக்குப் படிப்பில் பெரிய துணை. அது விலை கூடுதல். இலவசமாகக் கிடைப்பது 'என்.வி.டி.ஏ.'. ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இருவர் சேர்ந்து உருவாக்கியது. தமிழையும் வாசிக்கும். ஆனால் தேர்வுக்கு முந்தின வாரம் இதை இன்ஸ்டால் செய்து என்ன பயன்? முதல் வருடத்திலிருந்தே விரல் பழக வேண்டும். பாடப் புத்தகங்களுக்கு 'சுகம்யா புஸ்தகாலயா' என்ற ஆன்லைன் நூலகம் 2016-லிருந்து இருக்கிறது. நமக்கு வேண்டிய தமிழ்ப் பாடநூல் அதில் இல்லை என்றால் ஸ்கேன் செய்து கேட்கும் வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். 2012-ல் திருத்திய காப்புரிமைச் சட்டம் அதை அனுமதிக்கிறது. அதற்கும் நாள் பிடிக்கும் என்பதால் சிலபஸ் வந்த அன்றே நூலகரைப் பாருங்கள்.

இவ்வளவும் கேட்கலாம். கேட்கக் கூடாதது? கேள்வியைச் சுலபமாக்கச் சொல்வது, லேப் ரெக்கார்டே எழுத மாட்டேன் என்பது. சிகிச்சைக்குப் போன நாளுக்கு அட்டெண்டன்ஸ் கேட்பது சரி, சினிமாவுக்குப் போன நாளையும் அதில் சேர்ப்பது சரியில்லை. சிலபஸ் எல்லோருக்கும் ஒன்றுதான். அங்கே போய்ச் சேரும் வழியைத்தான் மாற்றிக் கேட்கிறோம். குறைபாடு இல்லாமலே சான்றிதழ் 'ஏற்பாடு' செய்யலாமா என்று டீக்கடையில் ஐடியா கொடுக்கும் அண்ணன்களுக்கு ஒரு தகவல். 91-வது பிரிவு. மோசடியாகச் சலுகை பெற்றால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதைவிடக் கொடுமை, ஒருவர் இப்படி ஏமாற்றினால் அதற்குப் பிறகு நிஜமாகத் தேவைப்பட்டு வருகிற பத்து பேரையும் ஆபீஸில் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள்.

எல்லாம் முறைப்படி செய்தும் 'முடியாது' என்றால்? முடியாது என்பதை எழுத்தில் கேளுங்கள். அந்த ஒரு வரியிலேயே பலருக்கு மனசு மாறிவிடும்! மாறாவிட்டால் முதல்வர். அரசுக் கல்லூரி என்றால் குறைதீர்க்கும் அலுவலர் ஒருவரை நியமித்திருக்க வேண்டும். அதற்கும் மேலே சென்னையில் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர். சீல் வைத்த அந்த நகல் இப்போது புரிகிறதா எதற்கு என்று?

இவ்வளவு சுமையையும் ஒரு 19 வயசுப் பிள்ளையின் தலையில் ஏற்றுவது நியாயமா என்று கேட்டால், முழு நியாயம் இல்லை என்றுதான் சொல்வேன். கண் நன்றாகத் தெரிகிறவன் தேர்வுக்குப் படிக்க மட்டும் செய்தால் போதும். கண் மங்கலானவன் படிக்கவும் வேண்டும், ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கவும் வேண்டும். அட்மிஷன் ஃபாரத்தில் டிக் அடித்த அன்றே தேர்வுப் பிரிவுக்கு ஒரு பட்டியல் அனுப்புவது கல்லூரிக்குப் பெரிய காரியமா? அப்படிச் செய்கிற நாள் வரட்டும். அதுவரைக்கும் உங்கள் செமஸ்டர் காத்திருக்காது.

கடைசியாக, இதெல்லாம் நமக்கு இல்லை என்று பக்கத்தைப் புரட்டப் போகிறவர்களே, ஒரு நிமிஷம். நீங்கள் ஃபர்ஸ்ட் இயரா? கையெழுத்து தெளிவாக இருக்குமா? உங்கள் பரீட்சை இல்லாத நாளில் மூணு, நாலு மணி நேரம் உட்கார முடியுமா? உங்கள் கல்லூரித் தேர்வுப் பிரிவில் போய்ப் பெயரும் போன் நம்பரும் கொடுத்துவிட்டு வாருங்கள். மத்தியானம் போனால் சாப்பாட்டு நேரம் என்று கதவு சாத்தியிருப்பார்கள். காலையிலேயே போங்க.